பாவத்தின் சம்பளமா இந்த வெள்ளம்?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போயிற்று. கடன் வாங்கித்தான் நிமிர்ந்தோம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் என் அண்ணன் தவறிவிட்டார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள். எங்கள் ஜெபக்குழுவில் சிலர், ‘குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது’ என்கிறார்கள். வேறு சிலர், ‘இதெல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளம், உலகம் எப்படியும் அழியத்தான் போகிறது, ஆத்துமாவைக் காத்துக்கொள்’ என்கிறார்கள். இயேசு உலகத்தை மீட்டார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மீட்பு எங்கே ஐயா? இந்தக் குழுவுக்கு இனியும் போகலாமா?

- ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பாவக் கணக்கை முடித்துவிடுவோம். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. செத்தவர்கள் எருசலேமிலேயே பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அதே மறுப்புதான். அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து பாவம் தேட யாருக்கும் வேதம் அதிகாரம் தரவில்லை.

வெள்ளத்துக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்கி, வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாகத்தான் போக வேண்டும். அந்த டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. தண்ணீர் நிற்கவும் ஓடவும் இருந்த இடங்களில் மனை போட்டார்கள், அனுமதி கொடுத்தார்கள், நாமும் வாங்கினோம். பாவம் என்று சொல்வதானால் இதைச் சொல்லட்டும். இது ஊர் கூடிச் செய்தது. மனந்திரும்புதலும் ஊர் கூடித்தான் செய்ய வேண்டும், ஏரிக்கும் கால்வாய்க்கும் இடத்தைத் திருப்பிக் கொடுத்து.

மீட்பு எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் பக்கத்து ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், சர்வதேச மிஷனெரி மன்றத்தின் மாநாடு நடந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தார்கள். சீனாவின் ஹாங்சோவில் நடக்கவேண்டிய மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாறியது. சீனக் குழுவில் வூ யீஃபாங் என்ற அம்மையார் வந்திருந்தார். நாஞ்சிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரிக்குத் தலைவர். ஓராண்டுக்கு முன் ஜப்பானியப் படை அந்த நகரைச் சூறையாடியபோது ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் ஒளிந்து பிழைத்தது அந்தக் கல்லூரி வளாகத்தில்தான். அதே மாநாட்டுக்கு ஜப்பானிலிருந்து டொயோஹிக்கோ ககாவா வந்தார், கோபே நகரின் சேரியில் ஏழைகளோடு குடியிருந்து ஊழியம் செய்தவர். கொன்றவர் நாட்டாரும் கொல்லப்பட்டவர் நாட்டாரும் தாம்பரத்தில் ஒரே கூரையின் கீழ் ஜெபித்தார்கள்.

போர் நிற்கவில்லை. அடுத்த செப்டம்பரில் ஐரோப்பாவும் பற்றிக்கொண்டது. சீனாவில் 1945 வரை ஓயவில்லை. அப்படியானால் தாம்பரத்து ஜெபம் வீண்தானா? வீண் என்று என்னால் சொல்ல முடியாது. தன் நாடு சீனாவுக்குச் செய்ததற்காகச் சீனரிடம் மன்னிப்புக் கேட்ட குற்றத்துக்கு 1940-இல் ககாவாவை ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நாடே பொய் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் உண்மையைச் சொல்லி அதன் விலையைக் கொடுத்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் நடுவில், மீட்பு வேலை செய்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

நீங்கள் மின்சார ரயிலில் கடந்துபோகும் தாம்பரம் சானடோரியத்தையும் நினைத்துப் பாருங்கள். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் அதைத் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, பக்கத்தில் அருவருக்காத ஒரு ஆள்: அவ்வளவுதான் கையில் இருந்தது. எல்லாரையும் குணமாக்க முடியாது என்று தெரிந்தும் கவனித்தார்கள். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிற்பாடு, எச்.ஐ.வி. என்றாலே பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களுக்குப் படுக்கை கொடுத்ததும் இதே மருத்துவமனை. எல்லா மதத்தாரும் வேலை செய்யும் அரசு மருத்துவமனை அது. தேவன் தம் வேலையைச் சபையின் மதிலுக்குள் மட்டும் செய்கிறார் என்று யாராவது சொன்னால் நான் சானடோரியத்தைத்தான் காட்டுவேன்.

உலகம் அழியத்தான் போகிறது என்பவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கட்டும். அங்கே மனிதர்கள் பூமியைக் கைவிட்டு மேலே ஓடவில்லை. பரிசுத்த நகரம் கீழே இறங்கி வருகிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் ஆணித் தழும்புகளோடுதான் வந்தார். அவற்றைத் தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமா நம் பரங்கிமலையில்தான் உயிர்விட்டார் என்பது இந்த ஊர்ச் சபைகளின் நெடுங்கால நம்பிக்கை. நட்டம் நட்டமே இல்லை என்று நடிக்கும்படி அந்தத் தழும்புகள் உங்களைக் கேட்கவில்லை. அண்ணன் இல்லாத வீடு இனியும் அண்ணன் இல்லாத வீடுதான். அங்கே அவர் பிள்ளைகளுக்கு நீங்கள் சோறு போடுவதும், பள்ளிக் கட்டணத்துக்கு அலைவதும் மீட்புக்கு வெளியே நடக்கும் காரியங்கள் அல்ல.

இனி உங்கள் குழு. அடுத்த கூட்டத்தில் 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அது புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது; ஆறுதலான கடைசி வசனம் கிடையாது. அதை உங்களோடு உட்கார்ந்து வாசித்து, உங்கள் அண்ணன் பெயரைச் சொல்லி அழக்கூடியவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தாலும் போங்கள். மறுபடியும் பாவத்தைத்தான் தேடுவார்கள் என்றால், தயங்காமல் விலகி, அப்படி அழத் தெரிந்த வேறு ஒரு சபையில் சேர்ந்துகொள்ளுங்கள்.