பேட்டரியைத் தின்பது சூடு

லேப்டாப் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆகிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான்: "சார்ஜே நிக்க மாட்டேங்குது." புலம்பலுக்குப் பின்னாலேயே ஆலோசனைகளும் வந்துவிடும். முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், பிளக்கிலேயே விடக் கூடாது, கரண்ட் ஏறி இறங்கித்தான் பேட்டரி போனது. இவற்றில் ஒன்று பழைய உண்மை, ஒன்று பாதி உண்மை, இன்னொன்று பழியை ஆள் மாற்றிப் போடுவது.

அதற்கு முன் நோய் எது என்று பார்த்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியானால் குழாய் பெரிதாகத் திறந்திருக்கலாம், அல்லது தொட்டியே சிறுத்திருக்கலாம். பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள். சாதாரண லேப்டாப்பில் 40 முதல் 60 வரை இருக்கும். 50 வாட்-மணி பேட்டரியை வைத்துக்கொண்டு வெறுமனே டைப் செய்தால், 7 வாட் செலவு என்று வைத்தால் ஏழு மணி நேரம் ஓடும். அதே லேப்டாப்பில் திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வீடியோ காலில் உட்கார்ந்து, பிரவுசரில் முப்பது டேப்பும் திறந்து வைத்து 17 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. இதில் பேட்டரியின் குற்றம் எதுவும் இல்லை. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் இங்கே முதல் மருந்து. 'பேட்டரி சேவர்' என்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் வேண்டாம். அவையும் பின்னணியில் ஓடிச் சார்ஜைத் தின்பவைதான்.

தொட்டியே சிறுத்துவிட்டதா என்பதை அறிய விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. செய்யத் தெரியாவிட்டால் ரிப்பேர் கடையில் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. தயாரித்தபோது எவ்வளவு கொண்டது, இன்று எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு வந்துவிட்டால் எந்தச் சூட்சுமமும் பலிக்காது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

நம்பிக்கை: முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.

இது நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அவற்றின் திறன் குறையும் என்ற பேச்சு அன்று இருந்தது. இன்றைய லேப்டாப்புகளில் இருக்கும் லித்தியம்-அயான் பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. நம் ஆலோசனை மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது. லித்தியம் பேட்டரியை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதல். 30, 40 சதவீதத்தில் இருக்கும்போதே செருகிவிடலாம். இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சார்ஜ் சுழற்சியாகத்தான் கணக்காகும். எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றுவதில் ஒரு பயன் உண்டு: சதவீதம் காட்டும் கணக்கு சரியாகும். பேட்டரிக்கு அதனால் ஆயுள் கூடாது.

நம்பிக்கை: பிளக்கிலேயே விட்டால் அளவுக்கு மீறி ஏறிப் பேட்டரி கெடும்.

அளவுக்கு மீறி ஏறாது. நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும். ஆனாலும் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நூறு சதவீதத்தில் நிற்கும் பேட்டரி செல் உச்ச மின்னழுத்தத்தில், சுமார் 4.2 வோல்ட்டில் இருக்கிறது. அந்த நிலையில் உள்ளே நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடிக்கும். கூடவே வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 'பேட்டரி யுனிவர்சிட்டி' இணையதளம் தரும் கணக்கைப் பாருங்கள்: 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்திருந்தால் கொள்ளளவில் 4 சதவீதம் போகும். முழு சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தால் 35 சதவீதம் போகும். பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்ததற்கே இவ்வளவு.

மே மாதச் சென்னையில் அந்த 40 டிகிரிக்கு எங்கும் போக வேண்டாம், அறைக்குள்ளேயே கிட்டத்தட்ட வந்துவிடும். அதற்கு மேல் மெத்தையில் வைத்துப் படம் பார்க்கிறோம். அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபட்டு ஃபேன் கதறுகிறது. வெயிலில் நிறுத்திய காரில் பையோடு விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம். மூடினால் தூங்கிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. புதிய லேப்டாப்புகள் பலவும் ஸ்லீப்பில் வைஃபையோடு அரைத்தூக்கம்தான் போடுகின்றன. பைக்குள்ளேயே சூடாகி, வீடு சேர்வதற்குள் கணிசமான சார்ஜை இழந்திருக்கலாம். நீண்ட பயணம் என்றால் ஹைபர்னேட் அல்லது ஷட்டவுன் செய்யுங்கள்.

பெரும்பாலும் மேஜையில், பிளக்கோடு வேலை செய்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டாம். லெனோவோ, ஏசஸ், டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் பல லேப்டாப்புகளில் 80 சதவீதம் அல்லது அதை ஒட்டிச் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ பயாஸிலோ ஒருமுறை போட்டுவிட்டால் போதும். என் கணக்கில், மேலே சொன்ன ஆலோசனைகள் எல்லாம் சேர்ந்து செய்வதைவிட இந்த ஒன்று அதிகம் செய்யும்.

கரண்ட் ஏறி இறங்குவது பற்றி: அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் வீட்டு மின்சாரம் எப்படி ஆடினாலும் பேட்டரிக்குத் தெரியாது. மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் முதலில் அடி வாங்குவது அடாப்டர்தான்.

டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சமா? ஓஎல்இடி திரையில் ஆம். சாதாரண எல்சிடி திரையில் கறுப்புக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

புதிய பேட்டரியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், மேலே அச்சிட்ட எண்ணை நம்பாமல் மாட்டியவுடன் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரியும் கிழடுதான்.

கடைசியாக ஒன்று. டச்பேட் மேலெழும்பினாலோ, லேப்டாப் மூடி சரியாக மூடாமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். "வேலை செய்யுதே" என்று சார்ஜ் போடாதீர்கள். குத்திக் காற்றை வெளியேற்றப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். உடனே அணைத்துக் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றைத் தயாரிப்பவர்களுடையது. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படையுங்கள்.