பரத்பூரின் பறவைகள்

ஆக்ராவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், இராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை ஒட்டிக் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் நடுவே உள்ள சிவன் கோயிலின் பெயரே பூங்காவிற்கும் வழங்குகிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்; நம் நாட்டின் புலிக்காடுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆயினும், 350க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குக் காணப்பட்டுள்ளன.

இந்த நீர்நிலம் முழுவதும் இயற்கையாக உண்டானதன்று. பரத்பூர் மன்னர்கள் அணைநீரைத் தாழ்நிலத்திற்குத் திருப்பி, வாத்து வேட்டைக்கு ஏற்ற இடமாக இதனை ஆக்கினர். கோயிலருகே உள்ள கல்லில் வேட்டைக் கணக்குகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1938ஆம் ஆண்டு வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் சுடப்பட்ட பறவைகள் 4,273. அக்கல்லைப் படிப்போர், எண்ணைச் சரியாகத்தான் படித்தோமா என்று மறுமுறையும் பார்ப்பர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி இவ்விடத்தைப் பறவைகளின் புகலிடமாகக் காக்கப் பெரிதும் பாடுபட்டார். 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுக் களமாக அறிவித்தது.

துப்பாக்கிகள் போயின, பார்வையாளர்கள் வந்தனர். வெறுமனே பார்ப்பதாலும் பறவைக்குத் தீங்கு நேருமா? நேரும். மழைக்காலத்தின் இறுதியில் மஞ்சள் மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. வெயில் ஏறும்போது தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. படம் எடுக்கும் ஆவலில் ஒருவர் மிக அருகே சென்றால் அது அஞ்சிப் பறந்துவிடும். அது திரும்பும் வரை குஞ்சுகளை வெயில் வாட்டும். காகமும் பருந்தும் காத்திருக்கும். படம் எடுத்தவர் இதனை அறியாமலே மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருப்பார்!

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதனை வெளியே வரவழைப்பதும் இத்தகையதே. தன் எல்லைக்குள் பகைப்பறவை நுழைந்ததாக எண்ணி, அது இரை தேடுவதை விட்டு அலைகிறது.

பூங்காவினுள் நடந்தும் மிதிவண்டியிலும் ரிக்‌ஷாவிலும் செல்லலாம். ரிக்‌ஷா ஓட்டுநர் பலர் பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். மரப்பட்டையின் நிறத்தோடு கலந்து உறங்கும் ஆந்தையை நம் கண் காணுமுன்பே அவர்கள் காட்டிவிடுவர். அவர்கள் குரலைத் தாழ்த்தினால் நாமும் தாழ்த்திக்கொள்ள வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் தருவதும், நெகிழிப் பைகளை எறிவதும் கூடா என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும், எல்லாத் தடைகளும் எண்ணியவாறே பயன் தருவதில்லை. 1982ஆம் ஆண்டு இங்கு எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறைகளாக மேய்த்துவந்த சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். அம்மோதலில் சிலர் உயிரிழந்தனர். பின்னர், எருமைகள் தின்றுவந்த புல் நீர்ப்பரப்பை அடைத்து வளர்ந்தது. வாத்துகளுக்கு வேண்டிய திறந்த நீர் குறைந்தது. மேய்ச்சலும் இந்நீர்நிலத்திற்கு உதவியாக இருந்தது என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு உணர்த்தியது.

சைபீரியக் கொக்குகள் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்தில் இங்கு வந்தன. 2002ஆம் ஆண்டுக்குப் பின் அவை வரவில்லை. வரும் வழியில் நிகழ்ந்த வேட்டையும் நீர்நிலைகளின் அழிவும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

வரித்தலை வாத்துகளோ இமயத்தைக் கடந்து இன்றும் வருகின்றன. இவ்வினத்தைச் சேர்ந்த பறவைகள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையிலும் செல்கின்றன. அவ்வூரில் நாரைகள் வீட்டருகே உள்ள மரங்களிலேயே கூடு கட்டும். அவை அஞ்சாதிருக்க மக்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். பொங்கல் விடுமுறையில் தாத்தா பாட்டியைக் காணச் செல்வோர், பரத்பூரில் கண்ட அதே இனப் பறவையை அங்கும் காணலாம்.

பயிற்சி

1. கூட்டின் அருகே செல்வதால் குஞ்சுகளுக்கு நேரும் துன்பங்கள் யாவை?
2. மேய்ச்சல் தடை சரியா? இரு தரப்பினரின் நியாயத்தையும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: அக்கல், பறவையினம், இந்நீர்நிலம்.
4. நீங்கள் வாழும் ஊரின் அருகே உள்ள நீர்நிலைக்கு வரும் பறவைகளின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.