இலைமேல் படரும் கரும்பூசணம்

செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, எலுமிச்சை என்று வீட்டுத்தோட்டத்தில் எந்தச் செடியானாலும் சில மாதங்களில் இலைமேல் கரியைப் பூசினாற்போல் கறுப்பு ஏறிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் பாதி வந்துவிடும். அடியில் இலை பச்சையாகத்தான் இருக்கும். கரும்பூசணம் இலைக்குள் இறங்குவதில்லை. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கிற இனிப்பான திரவம் இலையில் சொட்டுகிறது, அதில்தான் இது வளர்கிறது. வெயிலை மறைத்துச் செடியை வாட்டும், அவ்வளவே. இதற்கென்று பூசணக்கொல்லி வாங்குவது வீண்செலவு. சொட்டுகிற பூச்சியைப் பிடித்தாக வேண்டும்.

கறுத்த இலையிலேயே தேடினால் பூச்சி அகப்படாது. அதற்கு மேலுள்ள இலையைப் புரட்டிப் பாருங்கள். செம்பருத்தியில் நுனிக்கொழுந்து சுருண்டு தடித்திருக்கும். பிரித்தால் உள்ளே மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கும். கொய்யாவில் இலையடியில் வெள்ளை ஈ வட்டவட்டமாக முட்டையிட்டிருக்கும். எங்கள் நந்தியாவட்டையில் ஒரு பூச்சிகூட இல்லை, இலை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. அண்ணாந்து பார்த்தால், மேலே கவிந்திருந்த தென்னை ஓலைகளின் அடிப்பக்கம் முழுக்க சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி இது. தென்னைக்கு அடியில் செடி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எறும்புச் சாரையையும் விடாதீர்கள். இனிப்புக்காக எறும்பு அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும், அவற்றைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டும். சுவரில் உரசும் கிளைகளை வெட்டிவிட்டு, தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் ஏறும் வழி அடைபடும். கிரீஸ் பட்டையில் நேரடியாகப் படக்கூடாது.

சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள். பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதன்பிறகே வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி போதும். எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி, பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைப் பொசுக்கும். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். முட்டைகள் பிழைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். பூச்சி அடங்கியதும், வடிகட்டிய நீர்த்த கஞ்சியை நல்ல வெயில் நாளில் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

தெளிக்கும் முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒன்று பெரிதாக, வெள்ளை இழைகள் நீண்டு, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது பெரும்பாலும் மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. இப்படிப்பட்ட இயற்கை எதிரிகளின் வலிமை பெரிது: தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பப்பாளி மாவுப்பூச்சி அழித்தபோது, 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அதனால் பொறிவண்டின் புழுவைக் கண்டால் அந்தக் கிளைக்கு நான் மருந்தே அடிப்பதில்லை.