பத்தில் ஒன்று கொடுக்கிறாய், ஐந்தில் ஒன்று?

கண்ணு, சம்பளம் வந்ததும் தசமபாகத்தைக் கவரில் போட்டு எடுத்து வைக்கிறாய். நல்ல பழக்கம், விடாதே. ஆனால் மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறாயே, அதைத்தான் பேச வந்தேன். பஞ்சம் வரும் என்று தெரிந்த யோசேப்பு ஜெபத்தோடு நிறுத்தினானா? விளைச்சல் இருந்த ஏழு வருசமும் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தான். நமக்கு விளைச்சல் என்றால் தேயிலைக் கொழுந்து அள்ளி வரும் மாதங்களில் கிடைக்கும் கூடுதல் கிலோ காசும் தீபாவளி போனசும். அதில் ஐந்தில் ஒன்றைத் தொடாதே. கொழுந்து குறைந்த மாதத்தில் முடியாவிட்டால் பரவாயில்லை. தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாய்க்கே ஐந்து வருச ஆர்.டி. தொடங்கலாம்.

சேர்ந்த பணத்தில் நகை அப்புறம், முதலில் இடம். எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லைன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். மாஞ்சோலை எஸ்டேட்டைப் பார். 2028 வரை குத்தகை இருந்தும் 2024-லேயே விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் எங்கே போவது என்று நின்றார்கள். கீழே பொள்ளாச்சிப் பக்கமோ சொந்த ஊரிலோ ஒரு துண்டு நிலமாவது உன் பேரில் இருக்கட்டும்.

கிராஜுவிட்டியை நம்பி மட்டும் இருக்காதே. ஒரு வருசத்துக்கு 15 நாள் கூலி, அவ்வளவுதான். நாள் கூலி 400 என்று வைத்தால் 25 வருசத்துக்கு ஒன்றரை லட்சம். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைத் தர வேண்டும், தாமதமானால் வட்டியும் கேட்கலாம்.

பி.எஃப். விசயத்தில் நம்ம ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செக்ரோலில் ஞானஸ்நானப் பேர், ஆதாரில் பழைய பேர். பணம் கேட்கும்போதுதான் தெரியும், விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இப்போதே ஆபீசில் கொடுத்துத் திருத்து. கல்யாணத்துக்கு முன் அம்மா பேரைப் போட்ட நாமினேசன் கல்யாணத்தோடு செல்லாது, புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து வருசம் முடியாமல் பென்சன் பணத்தை எடுத்தால் அந்தச் சர்வீஸ் கணக்கும் அதோடு போச்சு. குறைந்தபட்ச பென்சன் 1,000 ரூபாய்தான். சின்னத் தொகைதான், ஆனால் வயசான காலத்தில் மாத்திரைக்காவது ஆகும்.

ஜெபக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்கிறார் என்று எந்தத் திட்டத்திலும் பணம் போடாதே. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டம் சரிந்தபோது தெரிந்தவர் பேச்சை நம்பிப் போட்டவர்கள்தான் எத்தனை பேர்! சீட்டு என்றால் பதிவு செய்ததா என்று கேள். கேட்டதற்கே விசுவாசம் இல்லை என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்கவே கூடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போகும்போது எவ்வளவு வரை கேட்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போ. எதிர் வரிசையில் உன் நாத்தனார் இருந்தால் ஒரு வாழைத்தார் இரண்டாயிரத்துக்குப் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.