சேஸ் அசையட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணுவம் கழித்து ஏலம் விட்ட நிசான் ஒன் டன்னை வாங்கி, கேபினையும் பின்கட்டையும் இறக்கி, சேஸைத் தனியாகக் கொட்டகையில் நிறுத்திவிட்டாய். ரொம்ப சந்தோஷம். ஜபல்பூரில் செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இன்ஜின். ராணுவத்தின் ஜோங்கா ஜீப்பில் இருப்பதும் அதேதான். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் இருந்த காலத்தில் இந்த வண்டிகளின் அடியில் மல்லாந்து படுத்துத்தான் தொழில் கற்றேன். அதனால்தான் நீ கடைசியில் எழுதியிருந்தது என்னைக் கவலைப்பட வைத்தது. கிராஸ் மெம்பர்களைச் சுற்றி முழு வெல்டு வைத்து, சேஸைத் துளியும் அசையாதபடி செய்யப்போகிறேன் என்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே.

அந்த சேஸ் அசைவதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டு பக்கமும் ‘ப’ வடிவத்தில் மடித்த நீளச் சட்டம், குறுக்கே கிராஸ் மெம்பர்கள், சேருமிடங்களில் ரிவெட். முன்சக்கரம் ஒன்று மேட்டில் ஏறி, எதிர்மூலையில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது மூங்கில் ஏணி மாதிரி முறுக்கிக்கொடுக்கும். நீ வெல்டு வைத்தால் அந்த முறுக்கு மறைந்துவிடாது. வெல்டு முடிகிற விளிம்புக்குப் போய்ச் சேரும். சூட்டில் குணம் மாறிய இரும்பு அங்கேதான் இருக்கிறது, விரிசலும் அங்கேதான் விழும். ‘நல்லா ஸ்ட்ராங்கா பண்ணியாச்சு’ என்று பட்டறையிலிருந்து திரும்பி வந்த வண்டிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டரை எடுப்பதற்கு முன் சேஸ் நம்பரைக் கண்டுபிடி. சட்டத்தில் நம்பர் வெட்டியிருக்கும் இடத்தைத் தின்னரும் துணியும் வைத்துக் கையாலேயே துடை. மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அப்படித்தான் எடுப்பார்கள். பிறகு கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடு. ஓர் இலக்கம் தேய்ந்துபோனாலும் ஏலக் காகிதமும் வண்டியும் ஒத்துப்போகவில்லை என்றாகிவிடும்.

அடுத்தது அளவு. படத்தில் ஹாலோ பிளாக் கல்லின் மேல் சேஸை வைத்திருக்கிறாய். இன்றைக்கே எடுத்துவிட்டு நான்கு ஜாக்கி ஸ்டாண்டு வை. அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், அடியில் நீ இருப்பாய். உன் கொட்டகைத் தரை மட்டமாக இருக்காது, அது பரவாயில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார். மூன்று மூலை சேர்ந்து நான்காவது சேராமல் நின்றால் சேஸ் முறுக்கியிருக்கிறது. அப்புறம் இரண்டு சட்டத்திலும் ஜோடியாக இருக்கும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் புள்ளி வை. மூலைக்கு மூலை குறுக்காக அள. மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு மனசை அலட்டிக்கொள்ளாதே. பத்தைத் தாண்டினால் எதையும் கழற்றாமல் எனக்குப் போன் போடு.

இனி விரிசல். உன் வேலையில் பாதி நேரம் இதற்குப் போனாலும் தகும். முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீர் என்று பேசும். தகட்டுக்கு நடுவில் துரு புகுந்த இடம் செத்த சத்தம் தரும். ஸ்பிரிங் பிராக்கெட் உட்காரும் இடத்தையும், மேலே தகடு வைத்து ரிவெட் அடித்த இரட்டை இடங்களையும் விடாதே. இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால் உள்ளே வளர்ந்து தகட்டையே வெளியே தள்ளிவிடும். கீழ் விளிம்பின் உட்பக்கத்தில் சேறு இறுகிக் கிடக்கும், அதைச் சுரண்டி எடு.

ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தையும் கிராஸ் மெம்பர் மூலைகளையும் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. டை பெனட்ரன்ட் என்று ஸ்பிரே டப்பாக்கள் செட்டாகக் கிடைக்கும். வெறும் இரும்பு தெரிய சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து, கால் மணி நேரம் விடு. பிறகு கிளீனரில் நனைத்த துணியால் துடை. கிளீனரை நேராக அதன்மேல் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். கடைசியில் வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திரு. விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு கசிந்து வரும். கோடு முடியும் முனையில் சின்னத் துளை போடு, இல்லாவிட்டால் வெல்டு வைத்த பிறகும் அது ஓடிக்கொண்டே போகும்.

வெல்டு வைக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். அதற்கு 7018 ராடு, அதுவும் ஓவனில் காயவைத்தது, கை தேர்ந்த ஆளும் வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள். மேலே தகடு வைப்பதானால் இரண்டு முனையையும் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டச் சொல். சட்டத்தின் விளிம்புக்குக் குறுக்கே வெல்டு கோடு போகவே கூடாது. வெல்டு வைக்கும்போது பெட்ரோல் டாங்க் கொட்டகையிலேயே இருக்கக் கூடாது. காலி டாங்க்தானே என்பாய். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும், நிறைந்த டாங்கைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். ஏற்கெனவே ஏதோ ஒரு களப் பட்டறையில் போட்ட பழைய வெல்டு தென்பட்டால், சாயம் அடித்துச் சோதி. நன்றாக இருந்தால் அழகுக்காகத் தேய்த்து எடுக்காதே, அதுவும் அந்த வண்டியின் சரித்திரம்தான்.

தளர்ந்த ரிவெட்டை கேஸில் வெட்டாதே, துளை கோணிவிடும். தலையைக் கிரைண்டரில் எடுத்து, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டு. வீட்டில் உலை வைத்துச் சூட்டு ரிவெட் அடிப்பது நடக்காத காரியம். தலையில் 10.9 என்று குத்திய போல்ட் வாங்கு. துளையை ரீமர் விட்டுச் சீராக்கி, போல்ட் ஆடாமல் இறுக்கமாகப் போகும்படி செய். துளைக்குள் மரை வரக் கூடாது, வழவழப்பான தண்டுதான் உட்கார வேண்டும்.

சாண்ட் பிளாஸ்ட் என்று ஆற்று மணலை அடிக்கும் ஆட்கள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தின்றுவிடும், சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. கார்னெட் போட்டு அடிக்கும் இடத்துக்கு சேஸை ஏற்றிக்கொண்டு போ. பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கும். நீயே வயர் பிரஷ் போட்டால் நல்ல மாஸ்க் போடு, அக்காவையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதே. சுத்தமான இரும்பை ஒரு ராத்திரிகூட வெறுமனே விடக் கூடாது, உன் ஊர் கடற்காற்று விடியும்முன் துருவை ஏற்றிவிடும். அன்றைக்கே டூ-பேக் எபாக்ஸி பிரைமர் அடி. பவுடர் கோட்டிங் வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் விரிசலை மூடி மறைக்கும். ஓரிடத்தில் உரிந்தால் அடியிலேயே துரு ஓடும்.

மேலே கறுப்புப் பெயிண்ட் போதும். வண்டி முழுக்க ராணுவப் பச்சை அடிக்கும் ஆசை உனக்கு இருப்பது தெரியும், எனக்கும் அந்த நிறம் பிடிக்கும். ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆலிவ் கிரீன் அடிப்பதைத் தடுக்கிறது. வேறு நல்ல நிறமாக யோசித்து வை.

ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம் சாயம் அடித்த படத்தை முதலில் அனுப்பு. பொங்கலுக்கு ரீமரோடு நானே வருகிறேன், அதுவரை வெல்டரைக் கூப்பிடாதே.

அன்புடன்,
மாமா