பிடுங்காதீர்கள், தோண்டிப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளுக்கும் பச்சைமலை அடிவாரத்துக்கும் காளான் தேடிக் கிளம்பும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புற்றுக்காளான் எது, அதைப்போலவே வெள்ளையாகக் குடை விரிக்கும் நாய்க்குடை எது என்று தெரிந்த பிறகு கூடையை எடுங்கள்.

1. கூட்டத்தில் ஒன்றையாவது அடிவரை தோண்டி எடுங்கள். புற்றுக்காளானின் தண்டு தரையோடு நிற்காது. ஒல்லியாகி வேர்போல் இறங்கி, கறையான் கூட்டில் போய் முடியும். கறையான், சருகையும் மரத்தூளையும் தின்று கழித்ததில் கூடு கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கிறது. மழைக்கு மேலே வருவது அந்தப் பயிரின் குடைதான். நாய்க்குடையின் தண்டோ அடியில் சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்து இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

2. உச்சியைத் தொட்டுப் பாருங்கள். புற்றுக்காளானுக்கு மண்ணைத் துளைக்கும் கெட்டியான முனை உண்டு. நாய்க்குடையின் வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும்.

3. தண்டில் வளையம் இருந்தால் நாய்க்குடை என்று சொல்வதை நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் புதிய இனமாக விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு.

4. ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வெளிர் ரோஜா நிறத்தில் தூள் உதிர்ந்திருந்தால் அது புற்றுக்காளானுக்குப் பொருந்தும். பச்சையாக இருந்தால் அது நாய்க்குடை, அதாவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். இளசாக இருக்கும்போது அதன் அடிமடிப்பும் வெள்ளைதான். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். விடிவதற்குள் மற்றவை கெட்டுப்போகுமே என்று அவசரப்படாதீர்கள். கெட்டால் கெடட்டும்.

5. வெள்ளிக் காசு கறுப்பது, மஞ்சள் நிறம் மாறுவது, பூச்சி அரித்திருப்பது எதுவும் சோதனை ஆகாது.

6. இந்த நாய்க்குடையைத் தின்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். உடனே 108ஐ அழையுங்கள்; மிச்சக் காளானையும் எடுத்துப் போங்கள். ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அது ஈரலைக் கெடுக்கும் வேறு காளானாக இருக்கலாம். வாந்தி நின்றாலும் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள்.

7. சோதனைக்கு ஒன்றைத் தோண்டியது போதும். மற்றதைத் தரையோடு அறுத்து எடுங்கள்; புற்றை இடிக்காதீர்கள். கூடு உயிரோடு இருந்தால்தான் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் முளைக்கும்.