மடங்கென்னும் மடிப்பு

எண்ணும் எழுத்தும் வாழும் உயிர்க்கு இரு கண்கள் என்பது திருக்குறளின் 392ஆம் பாட்டிற் கண்ட கருத்து. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எம்போன்றார், எழுத்தென்னும் ஒரு கண்ணையே நாடோறும் துலக்கி, மற்றைக் கண்ணை மூடி வைத்திருப்பவர். பள்ளியிறுதித் தேர்வோடு கணக்கிற்கு விடை கொடுத்துவிட்டோம் என மகிழ்ந்தவருள் யாமும் ஒருவர். அம்மகிழ்ச்சி பேதைமையின் பாற்பட்டது என்பதைச் சென்ற கோடை விடுமுறையிற் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எமக்கு உணர்த்தினான். அவனால் யாம் அறிந்ததையும், பின்னர் அவனுக்கு யாம் அறிவித்ததையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில் உள்ளது சாலவாக்கம் என்னும் ஊர். ஆண்டு எம் உறவினர் இல்லத்திற் கோடையைக் கழித்த யாம், மாலைதோறும் திண்ணையிற் சிறுவர் சிலரை இருத்திப் பாடஞ் சொல்லி வந்தோம். அவருள் ஒருவன் ஏழாம் வாய்பாட்டை ஓரேழ் ஏழு என்று தொடங்கிப் பத்தேழ் எழுபது என்று முடிக்குங்காறும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒரு நாள் அவனை நோக்கி, "84 ஏழின் மடங்கா?" என்று வினவினோம். "இல்லை அண்ணா" என்றான். ஏன் என்றதற்கு, "ஏழாம் வாய்பாடு எழுபதோடு முடிந்து போயிற்றே" என்று விடை கூறினான். "இதுகூடவா தெரியவில்லை?" என்று யாம் கடிந்துகொண்டோம். ஏனைச் சிறுவர் நகைத்தனர். அவன் தலை கவிழ்ந்தான், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீடு தேடிச் சென்றோம். அவனுடைய ஆயா வாயிலில் அமர்ந்து, அவிப்பதற்கு நெல் அளந்துகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "வா தம்பி. அவன் இனிமே பாடத்துக்கு வரமாட்டானாம். கணக்கு தனக்கு ஏறாதுன்னு சொல்றான். அவங்கப்பனும் இப்படிச் சொல்லித்தான் அஞ்சாவதோட நின்னுட்டான்" என்றார். அவர் சொல்லிற் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் எம்மை மிகவும் சுட்டது. ஓர் ஏளனச் சொல்லால் ஒரு குடும்பத்தில் இரண்டாம் முறையும் ஒரு கல்வி அற்றுப்போகக் கூடும் என்பதை அப்பொழுதே உணர்ந்தோம். அன்றியும், 84 ஏழின் மடங்கென்று எமக்குத் தெரியுமேயன்றி, அஃது ஏன் மடங்காயிற்று என்பதை அவனுக்கு விளங்க உரைக்கும் வழி எமக்கும் தெரிந்திருக்கவில்லை.

யாம் என்ன சொல்வதென்று அறியாது நின்றபொழுது, மூதாட்டியார் மரக்காலை நிரப்பித் தலைதட்டிச் சாய்த்து, "லாபம்" என்றார். முதல் அளவை ஒன்றென்னாது லாபமென்று தொடங்குதல் நெல் அளப்போர் வழக்கு. இரண்டு, மூன்று எனச் சென்று ஆறாம் மரக்காலோடு குவியல் குன்றியது. எஞ்சிய நெல் மரக்காலை நிரப்பவில்லை. அதனைப் படியால் அளந்தபொழுது இரண்டு படி இருந்தது. பழைய வாய்பாட்டின்படி எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். ஆகவே நெல் முழுவதும் ஐம்பது படி என்பது போதரும்.

கதவின் பின்னே மறைந்து நின்ற சிறுவனை அழைத்து, "இன்னும் எத்தனை படி இருந்தால் மரக்கால் மீதியின்றி நிற்கும்?" என்று கேட்டோம். "ஆறு படி" என்றான். "அப்பொழுது மொத்தம்?" "56 படி; ஏழு மரக்கால்." "அதற்கு மேலும் எட்டுப் படி வந்தால்?" "64, எட்டு மரக்கால்." இவ்வாறே எண்பதையுங் கடந்து 88, 96 என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். திடீரென நின்று எம்மை நோக்கி, "அண்ணா, நெல் இருக்கும் வரைக்கும் மரக்கால் முடியாதே!" என்றான். வாய்பாடு பத்தோடு நிற்கும். மடங்கு நில்லாது என்னும் உண்மையை அவன் தானே கண்டுகொண்டான். யாம் அவனுக்குக் கற்பித்த முதற்பாடம், அவன் ஆயாவின் மரக்கால் கற்பித்த பாடமே.

இனி அப்பாடத்தை முறைப்பட நோக்குவோம். 0, 1, 2, 3 என ஒவ்வொன்றாய் ஏறிச் செல்லும் எண்கள் முழு எண்களாம். ஒரு முழு எண்ணை மற்றொரு முழு எண்ணாற் பெருக்க வருவது முன்னதன் மடங்கு எனப்படும். மடங்குதல் என்னும் வினைக்கு மடிதல், வளைதல் என்பன பொருள். எனவே மடங்கென்னும் சொல்லிலேயே ஒரு மடிப்பு நம் கண்முன் தோன்றுகின்றது. எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டு முழத்திற்கு ஒரு மடிப்பாக மடித்தால், நான்கு மடிப்பில் துணி முழுவதும் அடங்கும். மூன்று முழத்திற்கு ஒரு மடிப்பாக மடித்தாலோ, இரண்டு மடிப்பு வந்து இரண்டு முழம் தொங்கி நிற்கும். ஆதலின் 8 இரண்டின் மடங்கு, மூன்றின் மடங்கன்று. மீதியின்றி அளக்கப்படுவதே மடங்கின் இலக்கணம் என்க.

இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டால், சிறுவர் மயங்கும் இடங்கள் பல தெளிவாகும். ஏழு ஏழின் மடங்கா எனின், ஆம். ஒரே மடிப்பு, மீதியில்லை. பூச்சியம் ஏழின் மடங்கா எனின், அதுவும் ஆம். ஏழினை ஒரு முறையும் எடாதவிடத்து வருவது பூச்சியம், ஆண்டும் மீதியில்லை. ஏழின் மடங்குகளுட் பெரியது யாது எனின், அங்ஙனம் ஒன்று இல்லை. எதனைச் சொன்னாலும் அதனோடு மேலும் ஓர் ஏழு கூட்டலாம். மடங்கையும் காரணியையும் ஒன்றாக மயங்குதலும் உண்டு. 56 எட்டின் மடங்கு. 8 ஐம்பத்தாறின் காரணி. அளக்கப்பட்ட நெல் மடங்கு, அளந்த மரக்கால் காரணி என்று நினைவிற் கொண்டால் இம்மயக்கம் வாராது. பூச்சியம் ஒழிந்த எவ்வெண்ணிற்கும் காரணிகள் எண்ணி முடியக் கூடியன. மடங்குகளோ எண்ணி முடியா.

இனிச் சிறுவனைத் தலைகுனியச் செய்த 84க்கு வருவோம். எழுபது பத்து மடிப்பு. பதினான்கு இரண்டு மடிப்பு. இரண்டையும் சேர்க்கப் பன்னிரண்டு மடிப்பு. மீதியில்லாத ஒன்றோடு மீதியில்லாத மற்றொன்றைச் சேர்த்தால் மீதி எங்கிருந்து வரும்? ஆகவே ஓர் எண்ணின் மடங்குகள் இரண்டைக் கூட்டினாலும், பெரியதிற் சிறியதைக் கழித்தாலும் வருவது அவ்வெண்ணின் மடங்கேயாம். 91 எனின், 70உம் 21உம். 100 எனின், 70உம் 28உம் போக இரண்டு மீதி. ஆகையால் அது மடங்கன்று. திருக்குறளின் பாத்தொகையாகிய 1330 ஏழின் மடங்கா என்று கேட்பின், 1400 ஏழின் மடங்கு, அதனிற் குறைந்த 70உம் ஏழின் மடங்கு, எனவே 1330உம் மடங்கே என்று தாளும் கோலுமின்றிச் சொல்லலாம்.

ஒன்பதின் மடங்கை இலக்கங்களைக் கூட்டிக் கண்டறியும் வழியைப் பலரும் அறிவர். அதன் காரணத்தை அறிந்தார் சிலரே. பத்தை ஒன்பதால் அளந்தால் ஒன்று மீதி. நூறை அளந்தாலும் ஒன்றே மீதி. 234 என்னும் எண்ணில் இரண்டு நூறுகள் இரண்டையும், மூன்று பத்துகள் மூன்றையும் மீதியாகத் தரும். அவற்றோடு நின்ற நான்கையும் கூட்ட ஒன்பதாகும். அம்மீதியும் ஓர் ஒன்பதாய் மடிந்துவிடுதலின், 234 ஒன்பதின் மடங்காயிற்று. ஒரு விதியைக் காரணத்தோடு அறிந்தவன் அதனை மறந்தாலும் மீண்டும் ஆக்கிக்கொள்வான். காரணமின்றி அறிந்தவன் மறந்தவுடன் வறியனாவான்.

இவ்வாறு கூறுதலால் மனப்பாடத்தை யாம் இகழ்ந்தோம் என்று எவரும் கருதற்க. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மாணாக்கர் நெட்டுருச் செய்தனர். எனினும் அதனோடு நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்பனவற்றையும் ஓதி, எண்ணை முகத்தலளவையோடும் நிறுத்தலளவையோடும் பொருத்தி உணர்ந்தனர். எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று ஓதியவனுக்கு, ஒரு கலம் 96 நாழி என்பது வாய்ச்சொல்லன்று. களத்திற் கண்ட பொருள். பன்னிரண்டு தம்பிடி ஓரணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பதின்முறை நாணயத்திற்கு இடந்தந்தது. அளவைகள் மாறின, அளத்தல் மாறவில்லை. பிழை மனப்பாடத்தில் இல்லை; பொருளினின்று அதனைப் பிரித்துவிட்டதில் உள்ளது.

மற்றொரு நாள் அச்சிறுவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்று, வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டுக்களைக் காட்டினோம். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலையாற் குடும்பிற்கு ஒருவராகத் தேர்ந்து, அவருட் பன்னிருவரைச் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்திற்கும், அறுவரை ஏரி வாரியத்திற்கும் அமைத்த முறையை அவை கூறுகின்றன. இதனை எடுத்துரைத்து, "இவ்வெண்களில் யாது காண்கின்றீர்?" என்றோம். எம் சிறுவன் விரல் மடக்கிப் பார்த்து, "எல்லாம் ஆறின் மடங்கு அண்ணா. முப்பது ஐந்து ஆறு; அது இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரிந்திருக்கின்றது" என்றான். கல்லெழுத்தை யாம் படித்தோம். கல்லெண்ணை அவன் படித்தான்.

இரண்டு எண்களுக்கு ஒருங்கே மடங்காய் வரும் எண்ணைப் பொது மடங்கு என்றும், பூச்சியம் ஒழித்து அவற்றுட் சிறியதை மீச்சிறு பொது மடங்கு என்றும் வழங்குவர். வியாழன் ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டும், சனி ஏறக்குறைய 30 ஆண்டும் ஆகும். பன்னிரண்டின் மடங்குகள் 12, 24, 36, 48, 60. முப்பதின் மடங்குகள் 30, 60. இரண்டும் முதலிற் சந்திக்கும் இடம் 60. பிரபவ முதல் அட்சய ஈறாகத் தமிழ் ஆண்டுப் பெயர்களும் அறுபதே. 1987இல் தொடங்கிய பிரபவ ஆண்டு 2047இல் மீண்டும் வரும்.

எம் சொந்தப் பாடமாகிய தமிழுக்கும் இம்மடங்கு அயலதன்று என்பதனையும் அக்கோடையிலேயே உணர்ந்தோம். அகநானூற்றை மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்தார் என்று வகுப்பிற் படித்திருந்தோம். அதிலுள்ள 400 பாட்டுக்களில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தின் மடங்காய் வருவன நெய்தல். இதனைத் தேர்வுக்காக உருப்போட்ட யாம், அதனுள் அமைந்த கணக்கை நோக்கவில்லை. பாட்டின் எண்ணைப் பத்தால் அளந்தால் எஞ்சும் மீதியே அதன் திணையைச் சொல்லிவிடுகின்றது! 312ஆம் பாட்டா? மீதி இரண்டு, குறிஞ்சி. 240ஆம் பாட்டா? மீதியில்லை, நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது என்னும் தொகையும் தானே விளங்கும். ஏட்டிற் பாட்டு இடம் மாறினால் எண்ணே அதனைக் காட்டிக்கொடுக்கும். வாய்பாட்டைப் பொருளறியாது ஒப்பித்த சிறுவனை நகைத்த யாம், திணை வைப்பைப் பொருளறியாது ஒப்பித்தவரே யாகின்றோம். அவனுக்கும் எமக்கும் இருந்த வேறுபாடு வயதன்றிப் பிறிதில்லை.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில், திண்ணைக்குப் புதிதாய் வந்த சிறுமி ஒருத்தி 105 ஏழின் மடங்கன்று என்றாள். யாம் வாய்திறக்கு முன்னரே எம் சிறுவன் அவளருகில் அமர்ந்து, "தெரியாதா என்று யாரும் கேட்கமாட்டார்கள், பயப்படாதே. எழுபதை எடுத்து வை, மிச்சம் எவ்வளவு?" என்றான். "முப்பத்தைந்து" என்றாள் அவள். பின்னர்த் தானே சிரித்தாள்.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! விடுமுறையில் நம்மிற் பலர் ஊர்களுக்குச் செல்கின்றோம். ஆங்காங்குத் திண்ணைகள் உள. கணக்கு எனக்கு ஏறாது என்று ஒதுங்கி நிற்கும் சிறாரும் உளர். அவர்கட்கு வாய்பாட்டை மீண்டும் ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லுமுன், ஒரு படியையும் சிறிது நெல்லையும் அவர் கையிற் கொடுங்கள். அளந்து மீதியைக் கண்ட பிள்ளைக்கு மடங்கு விளங்கும்.